மெயின்லேண்ட் போனவருக்கு ஒரு ஜன்னலோர இருக்கை

கடந்த ஜனவரியில் மதுரையிலிருந்து அந்தமான் சென்றதற்கு முதற்காரணம் கடல் அன்று. போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் வசிக்கும் என் தங்கை மாலதி. மனநலச் செவிலியரான அவள், நடு அந்தமானின் ரங்கத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தவிருந்தாள். துணைக்குச் சென்றேன்.

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் சாலைவழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிப் பேருந்து. கட்டணம் 240 ரூபாய். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் காத்திருந்து, காவலர் துணையுடன் வரிசையாகப் புறப்படுகின்றன. ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்கும்வரை நிற்கக் கூடாது, படமெடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. அவர்களைக் காக்கும் இவ்விதிகளை முழுமனத்துடன் ஏற்கிறேன். முன்னிருக்கைக்காரர் கைப்பேசியை உயர்த்தியபோது அவருக்கும் சற்று உரக்கவே நினைவூட்டினேன்.

ரங்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் கூட்டத்துக்கு நாற்காலிகளும் தேநீரும் ஏற்பாடு செய்தவர். மதுரைக்காரர் எங்கள் டீயைக் குறை சொல்லிவிடாதீர்கள் என்று கேலி செய்தார். குடும்பத்தை விசாரித்தேன். தம்பி ஜமால் மெயின்லேண்டில் இருப்பதாகச் சொன்னார்; இந்தியப் பெருநிலத்தைத் தீவுக்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். எந்த ஊரில் என்று கேட்டதும், ஏற்கெனவே ஆறியிருந்த தேநீரை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

மாலையில் காரணம் விளங்கியது. மனநோய் கண்டவரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மெயின்லேண்ட் போயிருக்கிறார் என்று சொல்லிவிடும் குடும்பங்கள் இங்கு உண்டு என்று மாலதி கூட்டத்தில் பேசினாள். கப்பலேறியவரை அக்கம்பக்கத்தார் தேடுவதில்லை. மருத்துவரும் தேடி வர முடியாது. அவள் யாரையும் சுட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து பாயின் மனைவி நூர்ஜஹான் எழுந்தார்.

“எங் கொழுந்தன் எங்கயும் போகல. பின்ரூம்ல வெச்சுப் பூட்டிருக்கோம். மூணு வருஷமாச்சு.”

பாய் தலை நிமிரவில்லை. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கலைந்தபின் மாலதியிடம் வந்தார்.

“போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கட்டிப் போடுவாங்களா, சிஸ்டர்?”

“இல்ல பாய். உட்கார வெச்சுப் பேசுவாங்க. தேவைன்னா மாத்திரை குடுப்பாங்க. நானும் கூட இருக்கேன். ஆனா வர சம்மதமான்னு முதல்ல அவர்கிட்டயே கேளுங்க.”

கேட்டிருக்கிறார். ஜமால் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாராம்: ஜன்னலோரம் வேண்டும்.

மறுநாள் பேருந்தில் மீதமிருந்த இரண்டு இருக்கைகளும் நடைபாதையை ஒட்டியவை. ஜன்னலோர இருக்கை எனக்குத்தான் கிடைத்திருந்தது. பயணச்சீட்டிலுள்ள எண்ணைத் தவிர வேறெங்கும் அமர்ந்து எனக்குப் பழக்கமில்லை, அன்று எழுந்துகொண்டேன். ஜமால் மாலதியின் அருகே அமர்ந்து கண்ணாடியை முழுவதும் திறந்தார். நடத்துநர் அவரை அடையாளம் கண்டு, எப்போது வந்தார் என்று தீவு வழக்கப்படி இந்தி கலந்து கேட்டார்.

“அரே காதர் பாய், தம்பி மெயின்லேண்ட்லேர்ந்து கப் ஆயா? சொல்லவே இல்ல?”

சுற்றிலும் ஊர்க்காரர்கள். பாய் தம்பியைப் பார்த்தார்.

“மெயின்லேண்ட் போகல. வீட்லதான் இருந்தான். மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு டிக்கெட் குடுங்க.”

நடத்துநர் கொடுத்தார். “அச்சா. காலைக் காத்து குளிரும், துண்டை எடுத்துத் தலையில கட்டி விடுங்க.”

ஜமாலுக்குச் சிகிச்சை தொடர்கிறது. சில மாலைகளில் கடை வாசலில் அமர்ந்திருக்கிறாராம். வரன் வீட்டார் விவரம் தெரிந்தே வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

செல்ல விரும்புவோர் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். காவல் வரிசையின் நேரங்கள் மாறக்கூடும், முன்தினமே உறுதிசெய்துகொள்க. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் அவருக்கு எந்த இருக்கை வேண்டும் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.