பச்சை விளக்கை நம்பாதவள்

வேலை நேரத்தில் தூங்கிவிட்டாளாம், அதனால் துரத்திவிட்டார்களாம்! எதிர்வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் மருமகளைப் பற்றி எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரிந்துவிட்டது?

ஒருவர் சொன்னதை அப்படியே நம்புகிற பிறவி இல்லை அவள். முட்டிவலி தேவலை என்று நான் சொன்னால் விடமாட்டாள். "வாய் சொன்னா போதாது அத்தை, எழுந்து நடங்க பாப்போம்" என்பாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று என் பிள்ளை சொன்னாலும், போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அவனுக்கு அது பொறுக்காது. "நீ பொண்டாட்டியா, போலீஸா?" என்பான்.

அவள் வேலையே அதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுக்கிற சர்வர் கம்ப்யூட்டர்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதற்குத் தானாக ஓடும் சோதனை ஒன்று உண்டு. "இருக்கியா?" என்று கேட்கும், "இருக்கேன்" என்று பதில் வந்தால் பச்சை விளக்கு. "படுத்த படுக்கையா கிடந்தாலும் 'இருக்கேன்'னுதானே அத்தை சொல்லும்?" என்று சிரிப்பாள். அதனால் இன்னொரு சோதனை எழுதி வைத்தாள். அது நோயாளி மாதிரியே போய் டோக்கன் கேட்கும். டோக்கன் கைக்கு வந்தால்தான் பச்சை.

அது அடிக்கடி சிவப்புக் காட்டியது. மேலிடத்தில் மேனேஜருக்குத் தலைகுனிவு. அந்தச் சோதனையையே பிடுங்கிப் போட்டான். "வேணாம் சார், எடுக்காதீங்க" என்று அவள் போனில் மன்றாடியதை, காய் நறுக்கிக்கொண்டே நானும் கேட்டேன்.

பிறகு ஒருநாள் காலையிலிருந்து ஒருவருக்கும் டோக்கன் விழவில்லை. விளக்கு மட்டும் பச்சை. கைக்குழந்தைகளோடு சனம் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் காய்ந்தது. மேனேஜர் போனில் வந்தான், ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "அந்தச் சோதனையை நான்தான் எடுத்தேன்னு நீயே ஒரு மெயில் போட்டுடும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

போனை வைத்தாள்.

"எழுதித் தொலையேன். மானமா சோறு போடுது?" என் பிள்ளைதான் சொன்னான்.

"நான்தான் எடுத்தேன்னு நினைக்கிறீங்களா?"

"யார் எடுத்தா என்னடி இப்போ?"

"வாயை மூடுடா" என்றேன். என் பேச்சுக்கு அங்கே யார் காது கொடுத்தார்கள்?

அவள் சண்டை போடவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிவந்து அவன் மடியில் வைத்தாள். "நீங்களே அடிச்சுக்கோங்க" என்றாள். கட்டியிருந்த துணியோடு வாசலைத் தாண்டினாள்.

அவள் படியிறங்கி முடிக்கவில்லை. என் பிள்ளை அவள் பெயரில் மெயில் அடிக்கத் தொடங்கிவிட்டான்.