கிழக்குப் பார்த்து நின்ற சிவப்புக் கார்

பெற்றோலும் சூடான எண்ணெயும் கலந்த ஒரு மணம்... குளிர்காலக் காலைகளில் எங்கள் கிரவீன் வீட்டுக் கராஜிலிருந்து குசினி அடுப்புவரை வரும். அம்மா யன்னலைச் சாத்துவா. நான் போய்த் திறந்துவிடுவேன்.

அது சித்தப்பாவின் கார். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு இருக்கைகள், என்னைவிட வயது கூடியது. மற்றக் கார்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இதன் இஞ்சினுக்குள் முக்கோணத் துண்டுகள் சுழலும். மற்றக் கம்பனிகள் சரிவராது என்று கைவிட்ட அந்த இஞ்சினை ஹிரோஷிமாவில் ஒரு கம்பனி விடாமல் பிடித்துக்கொண்டதாம். பிரான்சில் நடக்கும் இருபத்துநான்கு மணிநேரப் போட்டியையும் அதை வைத்தே வென்றதாம்.

"குண்டு விழுந்த ஊர்க்காரர் செய்த இஞ்சின், பிள்ளை. லேசில விடமாட்டினம்," என்பார் சித்தப்பா.

அவர் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். தற்காலிக விசா. சித்தியும் மகள் ஆரணியும் வவுனியாவில் இருந்தார்கள். அவர் எங்கள் பின் அறையில் இருந்துகொண்டு, விடியமுன் எழும்பி பாண் பேக்கரிக்கு வேலைக்குப் போவார்.

ஆங்கிலம் பேசுவார், வாசிக்கத்தான் கஷ்டம். காரோடு வந்த தடித்த கைநூலை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. நான் அப்போது இயர் எய்ட், எட்டாம் வகுப்பு. கதைப் புத்தகம் மாதிரியே அதையும் வாசித்தேன். முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போடுவேன். ஒரு குறிப்புக்கு மட்டும் அவரும் தன் பங்குக்கு இன்னொரு கோடு போட்டார்.

'குளிர்ந்த இஞ்சினை ஸ்ராட் பண்ணினால் சூடாகும்வரை நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் உள்ளே பெற்றோல் நிரம்பிவிடும். பிறகு ஸ்ராட் ஆகாது.'

வாசித்ததற்குக் கூலி, சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு ஒரு சவாரி. பக்கத்து இருக்கை எனக்கே எனக்கு.

பிறகு சித்தப்பாவின் விசா சரிவந்தது. சித்தியும் ஆரணியும் வரப்போகிறார்கள். மூன்று பேருக்கு இரண்டு இருக்கை போதாது. காரை விற்க விளம்பரம் போட்டார்.

வொலோங்கோங்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கூப்பிட்டார். இளவயதில் இதே காரை வைத்திருந்தவராம். ஒன்றையும் மாற்றாமல் வைத்திருப்பேன், நினைத்தால் வந்து ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னாராம். சித்தப்பா அதை மூன்று தரம் எங்களுக்குச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமே இல்லை. ஆரணிக்கும் என் வயதுதான். என் இருக்கை போகப்போகிறது, காரும் போகப்போகிறது.

தாத்தா காரைப் பார்க்க வருகிற சனிக்கிழமை, சித்தப்பா வேலை முடிந்து இன்னும் வரவில்லை. அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்து, எட்டரையோடு நல்ல நேரம் முடிகிறது, வீட்டை விட்டுப் போகிற பொருள் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்றா. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் முன்னறை யன்னலோரம் புத்தகத்தோடு இருந்தேன். யன்னல் திறந்துதான் இருந்தது. அப்பா காரைக் கராஜிலிருந்து எடுத்து, வீதியோரம் கிழக்கு முகமாக விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அப்பா, நிற்பாட்டாதேங்கோ" என்று ஒரு வார்த்தை போதும்.

நான் குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். இஞ்சின் நின்றது. அப்பா பொனற்றில் சந்தனப் பொட்டு வைத்தார்.

ஸ்ராட் ஆகாவிட்டால் தாத்தா போய்விடுவார், கார் எங்களோடு இருக்கும். அவ்வளவுதான் யோசித்தேன்.

பத்து மணிக்குத் தாத்தா வந்தார். அதற்குள் வேலை முடிந்து வந்திருந்த சித்தப்பா சாவியைத் திருப்பினார். இஞ்சின் இழுத்தது, இழுத்தது... பற்றரி களைத்துப்போகும்வரை இழுத்தது. தாத்தா காரின் கூரையைக் கையால் தடவினார். நோயாளி இஞ்சினைப் பார்க்கிற வயது தனக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"கொஞ்சத் தூரந்தான்ரா எடுத்தனான். உடனே நிற்பாட்டிப்போட்டன்," என்றார் அப்பா.

சித்தப்பா பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணைக்குத் தெரியாதுதானே. தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் வீட்டில இருக்கேல்லைப் போல."

நான் புத்தகத்தோடு கராஜ் வாசலில் நின்றிருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு அது ஸ்ராட் ஆனது. தாத்தா அதற்குள் வேறொன்று பார்த்துவிட்டார். சித்தி வருகிற நாளும் நெருங்கிவிட்டது. கடைசியில் ட்ரெய்லரோடு வந்த இருவருக்கு இஞ்சின் மட்டும்தான் தேவைப்பட்டது. அதைக் கழற்றி வேறு காருக்குப் போட்டார்களாம். சிவப்பு உடல் இரும்புக்குப் போனது. நான் பேசியிருந்தால் அது இன்றைக்கும் முழுசாக வொலோங்கோங்கில் நின்றிருக்கும்.

இப்போது நான் இயர் ட்வெல்வ். ஆரணி என் நல்ல சிநேகிதி. சித்தப்பாவிடம் ஏழு பேர் இருக்கக்கூடிய மின்சாரக் கார் இருக்கிறது. சத்தமும் இல்லை, மணமும் இல்லை. அதன் கைநூலை அவரே வாசித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஆனால் வீட்டு வாசலுக்கு வந்தும் உடனே நிற்பாட்டமாட்டார். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். "அப்பா, இதுக்கு இஞ்சினே இல்லை," என்று சிரித்துக்கொண்டு ஆரணி இறங்கிவிடுவாள்.

நான் இறங்குவதில்லை. அவர் கையை எடுக்கும்வரை பின்னால் இருந்துகொண்டு, சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தரமும் யோசிக்கிறேன்... அவர் கையை எடுத்துவிடுகிறார்.