அக்கா தேறிவிட்டாள்

அக்காவால் தலைமுடியை அள்ளிக் கொண்டை போட முடியவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். கையைத் தூக்கினால் தோளோடு நின்றுவிடும். நாமக்கல்லுக்கு வெளியே, அவளைக் கட்டிய மாமாவின் கோழிப்பண்ணையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவள், 1980களின் நடுவில், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட ஆரம்பித்தாள். விரலோரமெல்லாம் கறுத்து வெடித்து, லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் கைபோல ஆகிவிட்டது. தீவனம் கலக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

பலவீனம் என்றால் அந்த வீட்டில் ஒரே வைத்தியம், முட்டை. அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தினமும் காலையில் பச்சை முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றி, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார்.

"மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சுரு சாமி."

கொடுமைக்கார மாமியாராக இருந்திருந்தால், எனக்கு இத்தனை வருஷம் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்திருக்கும். அக்காவுக்குத் தலைசீவிப் பின்னிவிட்டதும் அவர்தான்.

மதராஸுக்குப் போனோம். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறவள், டாக்டர் சொல்வது புரியும் என்று என்னையும் அழைத்துப்போனார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது உட்காரவைத்து விளக்கினார். உடம்பில் புரதம் உண்டாக அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு அமிலத்துக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதுதான் அந்த அமிலத்தை அதற்கென்று உள்ள கடத்து ஆர்.என்.ஏ. மேல் ஏற்றிவிடுகிறது. எங்கள் ஊர் தெரிந்ததால், லோடுமேன் சரியான லாரி பார்த்து மூட்டை ஏற்றுவதுபோல என்றார். ஹிஸ்டிடின் என்ற அமிலத்தை ஏற்றுகிற நொதியை அக்காவின் ரத்தமே எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தது. தசையையும் நுரையீரலையும் கெடுக்கும் இந்த நோயில் சிலருக்கு அப்படித்தான் காணுமாம். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

"புரதம்னா முட்டைதானுங்களே?" என்று மாமா கேட்டார்.

"முட்டை சாப்பிடலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

மாமா ஊருக்குக் கொண்டுவந்தது முதல் பாதியை மட்டும்தான்.

மாத்திரை வேலை செய்தது. அக்கா தானாக எழுந்து நடந்தாள், ஒருநாள் கொண்டையும் போட்டுக்கொண்டாள். மாத்திரையின் குணத்தால் முகம் உப்பி, கன்னம் பளபளத்தது. எங்கள் ஜனங்களுக்கு அது போதும். மாரியம்மன் பண்டிகைக்கு வந்த சொந்தமெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து, "நல்லாத் தேறிட்டே கண்ணு" என்றது. "எல்லாம் நம்ம பண்ணை முட்டைங்க" என்றார் அத்தை. அக்காவும் சிரித்தாள், அவளும் நம்பினாள்.

பண்டிகையோடு மாத்திரை நின்றது. முட்டை இரண்டானது. அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது முகம் வற்றியிருந்தது, வாசலிலிருந்து கிணற்றடி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மறுபடி மதராஸுக்கு ஓடினோம். மாத்திரை, ஊசி, எதற்கும் நுரையீரல் மசியவில்லை.

அக்காவை எடுத்துப்போன பிறகு வீடு நிறைய சனம். அத்தையைப் பிடித்து உலுக்கிக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. யாருமே அவளுக்குக் கெட்டது நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அத்தை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, படித்தவள் உண்மையைச் சொல்வாள் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

"ஏஞ்சாமி, இன்னும் ரெண்டு முட்டை சேத்திக் குடுத்திருக்கோணுமோ?"

"நீங்க நெறையக் குடுத்தீங்க அத்தை" என்றேன்.