போகப் போகக் குறுகும் டக்ட்

ஏலக்காய் உலர்த்தும் அறையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். சாந்தன்பாறையில் அக்காவும் அத்தானும் குத்தகைக்கு எடுத்த தோட்டத்து ஸ்டோருக்கு வெப்பக் காற்றுக் குழாய், அதாவது டக்ட், வடிவமைத்தது நான். அதுவரை ஓட்டல்களுக்கு ஏசி டக்ட் போட்டுக்கொண்டிருந்தவள். இது சரியாக அமைந்தால் தங்கள் ஸ்டோர்களையும் தருவதாகப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

டக்டைப் பார்த்ததுமே அத்தானுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னம்மா, போகப் போக சிறுத்துட்டே போவுது? கடைசித் தட்டுக்கு சூடு எட்டுமா?"

"வழியில அங்கங்க காத்து இறங்கிருது அத்தான். மிச்சக் காத்துக்கு அந்த அகலம் போதும். பெருசா விட்டா வேகம் செத்துரும்."

தலையாட்டினார். நம்பவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் அறுவடைக் காய் தட்டுகளில் ஏறியது. அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தினோம். மறுநாள் காலை தோட்டக்காரர்களும் வந்து நின்றார்கள். அத்தான் கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. முன்தட்டுகள் பரவாயில்லை. கடைசித் தட்டுகளில் காய் பச்சை போய் வெளிறிக் கிடந்தது. ஆனால் என் கணக்கில் தப்பில்லை, அது எனக்கு நிச்சயம்.

பின்பக்கம் ஓடினேன். ஈரக் காற்று வெளியேற நான் விட்டிருந்த துவாரத்தில் சாக்கைத் திணித்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில், குளிரில் வளர்ந்த எங்களுக்கு இது கைப்பழக்கம். சுவரில் பொத்தல் கண்ணில் பட்டால் கை தானாகச் சாக்கைத் தேடும். ஈரம் வெளியே போகாமல் அடைந்து நின்றால் சூட்டுக் காற்று எங்கே நுழையும்? சாக்கைப் பிடுங்கி விறகுக் குவியலுக்குப் பின்னால் எறிந்தேன். திரும்பினால் அக்கா நின்றாள்.

"குளிரு உள்ள போயி உன் வேலை கெட்டுரக் கூடாதேன்னுதான் அடைச்சேன்."

"அடைக்கக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"அவருக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

ஆக்குவார். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். அக்காவும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"டக்டுதான் சிறுசாப் போச்சா?" என்றார் அத்தான்.

அவளே சொல்லிவிடுவாள் என்று அக்காவைப் பார்த்தேன். முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தான். அளவு தப்பிருச்சு."

தோட்டக்காரர்கள் கலைந்தார்கள். போகிற போக்கில் ஒருவர் அக்காவிடம், "சொந்தத் தங்கச்சின்னு நம்பிட்டீங்களே" என்றார்.

"என்ன செய்ய" என்றாள் அக்கா.