இடம் வலம் மாறிய நிலா

என் அத்தைக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்பவர்கள் எல்லாரும் அவளிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தையல் கடையில் பிறர் துணியைப் பிரித்தும் பிடித்தும் சரிசெய்யும் வேலை பார்த்துக்கொண்டு, எங்களோடுதான் இருந்தாள். தலை பாதி நரைத்த பிறகு, யாரோ காலி செய்த வீட்டிலிருந்து ஒரு சின்னத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்த வயசுல வானத்தப் பாத்து என்ன பண்ணப் போற?" என்றார் அப்பா.

"உன் மூஞ்சியவே எத்தன வருஷம் பாக்கறது, அண்ணா?" என்றாள்.

பார்த்ததோடு நிற்கவில்லை. நான் மூலையில் போட்டிருந்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் கேமராவின் லென்ஸை வைத்துப் பட்டனை அமுக்கினாள். நிலா வெறும் வெள்ளை வட்டமாக விழுந்தது, அதுவும் கை ஆடி, கலங்கிப்போய். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. மிஞ்சிய கெட்டித் துணியில் எலாஸ்டிக் கோத்து ஒரு குட்டிச் சட்டைக்கை தைத்தாள். ஒரு முனை தொலைநோக்கியைக் கவ்வியது, மறுமுனை கேமராவை. விரல் பட்டால் ஆடுகிறதென்று, கையை எடுத்த பிறகு படம் விழும்படி டைமர் வைத்தாள். கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தைக் குறைத்தாள். ஒரு சாயங்காலம் அரை நிலா குழிகுழியாக வந்து விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

அந்தச் சமயத்தில் குடியிருப்புச் சங்கம் கீழ்க்கூடத்தில் ஒரு வாரத்துக்குப் புகைப்படக் கண்காட்சி வைத்தது. அத்தை தன் படத்தை மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். சங்கச் செயலாளர் வந்தார், பார்த்தார், எல்லார் முன்னாலும் அதைக் கழற்றினார்.

"இது நெட்ல சுட்டதும்மா. தெரியக்கூடாதுன்னு இடம் வலம் மாத்திருக்கீங்க."

கைபேசியில் நெட்டிலிருந்த ஒரு அரை நிலாவைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் இரண்டும் பொருந்தவில்லை; அத்தையுடையது கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியிருந்தது. கூடமே அத்தையைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அவர்மேல்தான் அதிக ஆத்திரம்.

அத்தைக்கே அப்போதுதான் உறைத்தது. தையல்காரி ஆயிற்றே, ஒரே பக்கத்துக்கு இரண்டு சட்டைக்கையையும் வெட்டிவிட்டு விழித்த அனுபவம் அவளுக்கு உண்டு.

"தொலைநோக்கிக் குழாய் வளையற எடத்துல ஒரு கண்ணாடி இருக்கு. அதுல பட்டு வர்றதால மாறி விழுந்திருக்கு. நான் கவனிக்கல, அது என் தப்பு. ஆனா திருடல. நாளைக்குச் சாயங்காலம் மாடிக்கு வாங்க, உங்க கையாலயே எடுங்க. வரலன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

வந்தார். அத்தை சொன்னபடியே அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கேமராவில் விழுந்த நிலாவும் மாறித்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கி இன்னொருமுறை பார்த்தார்.

"சரி, தப்பா நெனச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷத்துல நேராக்கிடறேன், மாட்டிடலாம்."

"அவரே எறங்கி வந்துட்டாரு, வீம்பு பண்ணாத," என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"நேராக்கினா நெட்ல கெடக்கற ஆயிரம் நிலாவுல இதுவும் ஒண்ணு. அப்புறம் நீங்க சொன்ன திருட்டுப் பேர்தான் எனக்கு நிக்கும். மாறி விழுந்ததுதான் நான் எடுத்தேன்னு சொல்லுது. அப்படியே மாட்டுங்க."

படத்தோடு ஒரு சுத்தியலையும் அவர் கையில் திணித்தாள்.

"எல்லார் முன்னாடியும்தானே கழட்டினீங்க?"

மறுநாள் கூடம் நிறையும்வரை அவரை ஆணியில் கை வைக்க அவள் விடவில்லை.