அங்கமுத்து அண்ணனின் மூன்றாவது கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை, நான் சமையல் வேலை செய்கிற மேடம் வீட்டில் தோசை திருப்பிக்கொண்டிருந்தபோது சரசா போன் செய்தாள். "அக்கா, அவரு போயிட்டாருங்க்கா" என்றாள். அவள் வீட்டுக்காரர் அங்கமுத்து அண்ணன் அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கென்று ஹனூருக்கு பஸ் ஏறுகிற மனிதர். அதனால் நான், "போனா போகட்டும், வரும்போது அவரைக்காய் கொண்டாரச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசிச் செய்தியைக்கூடக் கேலியாகவே வாங்கிக்கொண்டேன். அவர் கேட்டிருந்தால், "உன்ற வாய்க்கு ஒரு சுவிட்சு வெக்கோணும் மங்கா" என்று சொல்லியிருப்பார்.

மைசூர் குவெம்பு நகரில் இருக்கும் நம் ஆட்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் கை படாத மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எதையாவது உங்கள் வீட்டில் காட்டுங்கள், நான் ஒரு மாதம் பேசாமல் இருக்கிறேன். ரிப்பேர் என்று கூப்பிட்டால் மொபெட்டில் வருவார். வந்ததும் பையைத் திறக்கமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினை மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்ப்பார். அப்புறம், "உள்ள என்ன இருக்குது?" என்று கேட்பார். பதில் சொன்னாலும் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார். மூன்று தடவை. காது மந்தம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் அவரைப் படுத்திய பாடும் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை, கிரைண்டருக்குள் பாம்பு இருக்கிறது என்று போன் செய்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார். எட்டிப் பார்த்தால் உள்ளே கிடந்தது புடலங்காய். அன்றைக்கு எப்படிச் சிரித்தேன்! அந்தச் சிரிப்புக்கான வட்டியைத்தான் பிறகு தசரா சமயத்தில் கட்டினேன்.

மேடம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும்போது ஒரு பெரிய ஓவனைக் கூடவே கப்பலில் கொண்டுவந்தார். தன்னைத் தானே சூடாக்கி, ஒட்டிய எண்ணெயையெல்லாம் சாம்பலாக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் ஓவன். வந்த நாளிலிருந்து அதில் ஒரு ரொட்டி வெந்ததில்லை. நம் வீடுகளில் ஓவன் என்றால் என்ன? வாணலி வைக்கிற அலமாரி. நான் ஒரு படி மேலே போனேன். அதற்கு முந்தின வருஷத்துத் தசரா முடிந்ததும், பரணில் கரையான் இருக்கிறதே என்று, மேடத்தின் ராஜா ராணி பொம்மைகளைப் பட்டுத்துணியில் சுற்றி ஓவனுக்குள் வைத்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. மைசூரில் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்வீட்டில் கொடுக்கிற மர ஜோடி அது. கொலுவில் முதலில் ஏறுவது அதுதான். கொடுத்த அம்மா இப்போது இல்லை. மேடம் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ராணியின் முகத்தைத் தடவிப் பார்ப்பார்.

நவராத்திரிக்கு முதல் நாள், "மங்கா, பொம்மை எல்லாம் எடுத்து வை, நாலு மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். நான் ஓவனின் முகப்பை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஏதோ பட்டன் அழுந்தி, கடக்கென்று ஒரு சத்தம். பூட்டுப் படம் போட்ட விளக்கு மினுக்கியது. கதவு வரவில்லை. ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். ஓவன்தான் அசைந்தது, கதவு அசையவில்லை.

போன் செய்து வரவழைத்த அண்ணன் வந்து, இன்னும் அந்தக் கோலத்திலேயே என்னைப் பார்த்தார்.

"காலை எடு மங்கா. அது கோவத்துல பூட்டல. உள்ள கொதிக்குதுன்னு நெனச்சுப் பயந்து பூட்டிக்கிச்சு. பயந்தவங்ககிட்டப் போயி பலத்தக் காட்டுவியா? உள்ள என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்ணா."

வெட்கம். வேறென்ன? ஓவனுக்குள் கொலுப் பொம்மை வைத்தேன் என்று யாரிடம் சொல்வது?

பூட்டுப் பட்டனை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். குழந்தைகள் திறக்காமல் இருக்க வைத்த பூட்டென்றால் அதிலேயே விட்டுவிடுமாம். விடவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "காப்பி போடு, அதுக்குள்ள இதுக்குப் புத்தி தெளியும்" என்றார். குடித்து முடித்து மெயினைத் திரும்பப் போட்டார். விர்ரென்று உள்ளே ஏதோ சுற்றிப் பாதியில் நின்றது.

"தாழ்ப்பாள் நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள என்ன இருக்குது?"

"காத்துதானுங்ணா இருக்குது!"

"செரி. சுத்தம் பண்ற பட்டனைப் போட்டுக் கொஞ்சம் ஓட விட்டு நிறுத்துனா, தாழ்ப்பாள் தானா எடத்துக்கு வந்துரும். ஆனா நிறுத்தச் சொன்னதும் நிக்கலேன்னா, உள்ள இருக்கறது சாம்பல்தான்." விரல் பட்டனுக்குப் போனது. "கடைசியாக் கேக்கறேன். உள்ள என்ன இருக்குது?"

"ராஜாவும் ராணியும் இருக்காங்கண்ணா!" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "புடலங்காய் ஒண்ணும் இல்லியா?" விரல் அங்கேயே இருந்தது. நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தார். விரலை எடுத்தார். நேராகப் போய் மெயினை அணைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "துணி மாட்டற கம்பி ஒண்ணு கொண்டா" என்றார்.

அந்தக் கம்பியை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கதவின் மேல் இடுக்கில் விட்டார். நான் டார்ச் பிடித்தேன். "வெளிச்சம் டான்ஸ் ஆடுது மங்கா, தாழ்ப்பாள் ஆடினாப் போதும்" என்றார். கொக்கி மூன்று தடவை வழுக்கியது. நாலாவது தடவை மாட்டியது. பக்கவாட்டில் மெல்ல, மெல்ல இழுத்தார். டக்!

கதவு திறந்ததும் நான் குதித்த குதியில் மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. பட்டுத்துணியைப் பிரித்தேன். ஒரு கீறல் இல்லை. அண்ணன் கை கூப்பி, "மன்னிக்கோணும் மகாராஜா, வாசல்ல ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டோம்" என்றார்.

வெளியே கேட் சத்தம் கேட்டது. "நீயாச் சொல்லிரு" என்றார் அண்ணன். "அவங்களையும் மூணு தடவ கேக்க வெக்காத." மேடத்திடம் சொன்னேன். மேடம் ராணியை வாங்கி முகத்தைத் தடவினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம், "கரையான் அரிக்கறதுக்கு ஓவனே மேல். ஆனா வெளியில எழுதி ஒட்டு" என்றார். அண்ணனே எழுதி ஒட்டினார், தமிழிலும் கன்னடத்திலும்: ராஜா ராணி உள்ளே. அவர் கையெழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. கம்பி ஆணியில் தொங்குகிறது.

கிளம்பும்போது கேட்டேன்: "ஏனுங்ணா, எதுக்கு மூணு தடவ?"

"மொதத் தடவ வெக்கத்துல பொய் சொல்லுவாங்க. ரெண்டாந்தடவ, சொன்ன பொய்யைக் காப்பாத்தச் சொல்லுவாங்க. மூணாந்தடவதான் நெசம் வரும்."

செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சரசா பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிட்டாயா என்றேன். "ஆச்சுங்க்கா" என்றாள். காப்பியாவது குடித்தாயா, சாப்பிட்டாயா என்றேன். "எல்லாம் ஆச்சுங்க்கா, நீங்க போங்க" என்றாள். எழுந்து வாசல் வரைக்கும் வந்து செருப்பில் காலை விட்டேன். அப்புறம் திரும்பிப் போனேன்.

"சரசா, சாப்பிட்டியா?"

"காலையில இருந்து ஒண்ணும் எறங்கலீங்க்கா" என்று என் தோளில் சாய்ந்தாள்.

ரசம் வைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய்க்கு மேல், அவளே தட்டை வாங்கிக்கொண்டாள். ஆணியில் தொங்கும் கம்பி மேடம் வீட்டுடையது. ஓவனில் ஒட்டிய காகிதமும் அவர்களுடையதுதான். அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மூன்றாவது கேள்வி.