அப்பா காணிக்கையாக வைத்த பதர்க்கட்டு

"முழங்கால் போட்டா உப்புத் தண்ணி தித்திச்சிடுமா, டீச்சரம்மா?"

இப்படிக் கேட்டவர் என் சொந்தச் சித்தப்பா. நானும் ஐந்தாறு பெண்களும் வாய்க்கால் கரையில் ஜெபம் செய்துகொண்டிருந்தோம். அவர் வண்டியை நிறுத்தி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு ஆண்டவர் தந்த பதிலைத்தான் இப்போது உங்கள் முன் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்து வளர்ந்தவர்கள். பாடுபட்டு, அடுத்தடுத்து ஆளுக்கு மூன்று மா நிலம் வாங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் சொந்த வரப்பில் நடந்த முதல் தலைமுறை அவர்கள். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேதியியல் படித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா என்னைவிடப் பெருமைப்பட்டார்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எங்கள் வாய்க்கால் தண்ணீரில். அப்போது கோயிலில் குழாய் கிடையாது. அம்மா குடத்தில் மொண்டு வந்தார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த வாய்க்காலில் செருப்புக் காலோடு இறங்க எனக்குக் கூசும். ஆண்டவர் என்னை முதலில் தொட்டது அந்தத் தண்ணீரால்தானே.

இரண்டு வருஷம் விளைச்சல் பொய்த்ததும் சித்தப்பா தன் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்துக் குட்டை வெட்டினார். இறால் பிடித்து முடித்ததும் குட்டையின் உப்புத் தண்ணீரைக் குழாய் வழியாக வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். சித்தப்பாவின் வரப்புக்கு அடியில்தான் அந்தக் குழாய் போனது. கடைமடையில் ஒருவருக்கு வடிகாலாக இருப்பதுதான் அடுத்தவருக்குப் பாசனம்.

அந்தப் புரட்டாசியில் எங்கள் சம்பா முளைத்து, தண்ணீருக்கு வாடி நின்றது. ஆற்றின் முறைத் தண்ணீர் இன்று வரும் நாளை வரும் என்று அப்பா தினமும் கரைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு காலையில் வாய்க்கால் நிறைந்து ஓடியது. எங்கள் பக்கம் புதுத் தண்ணீர் வந்தால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மடை திறப்பார்கள். யாரும் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. வந்த தண்ணீரைச் சந்தேகப்பட எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்தோத்திரம் சொன்னார். மடையைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"பாப்பா, தண்ணி வந்துடுச்சு. வயலு முட்ட நிக்குது பாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஆனால் தண்ணீரில் நுரை மிதந்தது. குனிந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"என்னம்மா?"

"உப்புப்பா."

அவரும் குனிந்து வாயில் வைத்தார். துப்பவில்லை. "நான் கும்பிட்டேனே பாப்பா" என்றார்.

மறுநாள் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தோம். வடிக்கவும் அதே வாய்க்கால்தான். அதில் இன்னும் உப்புத்தான் ஓடியது. பயிர் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. மேட்டுப்பக்கம் ஒரு திட்டு மட்டும் பிழைத்துக் கதிர் விட்டது. தை மாதம் அறுத்துப் பார்த்தால் எல்லாம் பதர். மணி பிடிக்கவே இல்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை மாசியில் வரும். விளைந்ததில் முதல் கதிர்க்கட்டைப் பீடத்தில் வைப்போம். பூசணி, வாழைத்தார், கோழி என்று அவரவரிடம் உள்ளதும் வரும். ஆராதனை முடிந்து வாசலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் அப்பா பதர்க்கதிரை ஒரு கட்டாகக் கட்டி எடுத்து வந்தார். அம்மா வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அப்பா கேட்கவில்லை.

ஏலத்தில் எங்கள் சபை உபதேசியார் அதைத் தூக்கினார். கனமில்லாமல் கை மேலே போய்விட்டது.

"கதிர்க்கட்டு ஒண்ணு. யாரு கேக்கறீங்க?"

"கோழிக்குப் போட்டாக்கூடக் கொத்தாதுய்யா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. அப்பாவே போய் அதை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது, "வயலு குடுத்ததைத்தானே பாப்பா வைக்க முடியும்" என்றார். வீட்டுக்கு வந்து அதை விட்டத்தில் செருகினார்.

சித்திரையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அப்பாவைக் கொடுத்துவிடு ஆண்டவரே என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து, "உப்பு எறங்கிடுச்சா பாப்பா?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்த ஜெபத்துக்கு நான் கேட்ட பதில் கிடைக்கவில்லை. இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனமில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய் முழங்காலிட்டேன். இந்தத் தண்ணீரையாவது திருப்பிக் கொடு என்று கேட்டேன். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் போனேன். கிணறு கரித்துப்போன பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற அக்காக்களும் வந்து உட்கார்ந்து, அவர்கள் சாமியிடம் அவர்கள் கேட்டார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதி, மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். குழாய் அப்படியே இருந்தது. சித்தப்பா கேலி செய்தது அப்போதுதான். அந்த வருஷம் எங்கள் நிலம் தரிசாகக் கிடந்தது.

மறுபடி அறுப்பின் பண்டிகை வந்தது. எங்களிடம் கொண்டுபோக எதுவும் இல்லை. விட்டத்திலிருந்து அப்பாவின் பதர்க்கட்டை இறக்கினேன். தூசி தட்டி, அதையே கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தேன்.

அன்று சித்தப்பாவின் பேரனுக்கு ஞானஸ்நானம். ஊரில் எந்தத் தண்ணீரும் ஆகாது என்பதால் கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி வந்திருந்தார்கள். உபதேசியார் மூடியைப் பிய்த்து ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றினார். அமைதியான கோயிலில் அந்தக் கேன் குடகுடவென்று சத்தம் போட்டது. பேரனைக் கையில் வைத்திருந்த சித்தப்பா அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் கட்டு வந்தது. போன வருஷம் சிரித்த மாதிரி இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

"குடுங்க. நான் எடுத்துக்கறேன்" என்று சித்தப்பா முன்னால் வந்தார்.

"கேள்வி எவ்வளவுன்னு சொல்லுங்கண்ணே" என்றார் உபதேசியார்.

"அதுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

கட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணன் கண்ணுல ஒத்திக்கிட்டது என் வரப்புல வந்த தண்ணிம்மா."

இத்தனை மாதமாக நான் கேட்டது தண்ணீரை. ஆண்டவர் முதலில் திருப்பிக் கொடுத்தது சித்தப்பாவை.

மறுநாள் காலை அவரே கடப்பாரையோடு போய்க் குழாயைத் தோண்டி எடுத்தார். பண்ணைக்காரர் வந்து சத்தம் போட்டார். "என் வரப்பு, என் மண்ணு. இதுக்கு மேல ஒரு சொட்டு போவாது" என்றார் சித்தப்பா. குத்தகையைப் புதுப்பிக்கவும் இல்லை. தண்ணீரை வெளியே விட வழியில்லாமல் பண்ணை அந்தக் கோடையிலேயே காலியானது.

பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து உழைத்தோம். மண்ணிலிருந்து உப்பை எடுக்க ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தோம். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதோம். ஆவணியில் ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று நானும் சித்தப்பாவும் கரையில் நின்றோம். அவர் ஒரு கை அள்ளினார். கண்ணுக்குக் கொண்டுபோகாமல் முதலில் வாயில் வைத்தார்.

"தித்திக்கல டீச்சரம்மா. சப்புன்னு இருக்கு" என்றார்.

அப்புறம்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம்.

இந்தத் தை மாதம் வயல் பாதிகூட விளையவில்லை. விளைந்த கதிரில் மணி இருந்தது. பண்டிகையன்று அம்மாதான் கட்டைச் சுமந்து போய்ப் பீடத்தில் வைத்தார்கள். உபதேசியார் தூக்கியபோது அவர் கை கொஞ்சம் கீழே இறங்கியது. அதைப் பார்க்க அப்பா இல்லை. இந்த நன்றியைச் சொல்லும்போதெல்லாம் அவர் நினைப்பும் கூடவே வருகிறது. எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் கையிலும் பதர் மட்டுமே இருக்கலாம். வெட்கப்பட்டு அதை வீட்டில் வைத்துவிடாதீர்கள். கொண்டுவந்து ஆண்டவர் முன்னால் வையுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீருக்காக ஒரு நாளாவது அதன் கரையில் முழங்காலிடுங்கள். அதுவும் அவர் வீடுதான்.

எங்கள் வாய்க்கால் போய்ச் சேருகிற அடுத்த ஊரில் இன்னொரு பண்ணை இருக்கிறது. அங்கேயும் கிணறுகள் கரிக்கின்றன. நேற்றுக் காலை தண்ணீர் பிடிக்க வெறும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சித்தப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். நான் கரையில் முழங்காலிட்டபோது, அவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார்.